அறுந்த வால்

வேணாம், நான் உட்கார வரலை. நாற்காலியை இழுக்காதீங்க, அந்தச் சத்தமே எனக்கு ஆகாது. கீழ வாசல்ல இருந்த ஆள், பார்வையாளர் நேரம் முடிஞ்சுபோச்சுன்னார். நான் பார்வையாளர் இல்லப்பா, திட்ட வந்திருக்கேன்னேன். அப்படியா, மூணாவது மாடி, இடது பக்கம் கடைசி மேஜைன்னு அவரே கையைக் காட்டிட்டார். உங்களைத் தேடி அடிக்கடி ஆள் வரும் போலிருக்கு.

ஞாயித்துக்கிழமை இணைப்புல சொல்லின் பிறந்த வீடுன்னு எழுதறது நீங்கதானே? போட்டோவுல தலையில இன்னும் கொஞ்சம் முடி இருந்துச்சே, அதான் கேட்டேன். சரி, நீங்கதான்னா சரி. வாரா வாரம் படிக்கிறவ நான், அதை மொதல்லயே சொல்லிடறேன். யாரோ ஒரு வரி படிச்சுக் காட்டினதைக் கேட்டுட்டு சண்டைக்கு ஓடி வந்தவ இல்ல. போன மாசம் மாப்பிள்ளைக்கான இங்கிலீஷ் சொல், பிரைட்கிரூம், அதைப் பத்தி எழுதியிருந்தீங்க, ஞாபகம் இருக்கா? அந்த கிரூம் இருக்கிற இடத்துல மொதல்ல வேற ஒரு பழைய சொல் இருந்துச்சு, மனுஷன்னு அர்த்தம், அது வழக்குல இல்லாம போனதும் ஜனங்க குழம்பிப் போய் வேலைக்காரப் பையனோட சொல்லைக் கொண்டுவந்து அங்க ஒட்டிட்டாங்க, அதே சொல்தான் இப்ப குதிரையைத் தேய்க்கிற ஆளுக்கும்னு. அடுப்படியில தனியா நின்னு சிரிச்சேன். மனுஷன் போயிட்டான், குதிரைக்காரன் வந்துட்டான். நல்லாத்தான் எழுதறீங்க. அதான் இன்னும் வயித்தெரிச்சல்.

இந்த வாரத்துப் பக்கத்தைக் கிழிச்சுக் கொண்டு வந்திருக்கேன், பாருங்க. படிக்கட்டுமா? உங்க எழுத்துதான், நீங்களே ஒரு தடவை காதால கேளுங்க. பிரைட்ஸில்லா. இச்சொல்லின் முன்பாதி மணப்பெண். பின்பாதி, பழைய திரைப்படத்தில் கடலிலிருந்து எழுந்து வந்து நகரத்தை மிதித்து நாசமாக்கும் ராட்சசப் பல்லியின் பெயரிலிருந்து வெட்டியெடுத்த வால். அந்தப் பெயரே கொரில்லாவையும் திமிங்கலத்தையும் சேர்த்து ஒட்டியது என்பார்கள். கல்யாண நாளில் கண்ணில் பட்டவரையெல்லாம் கடித்துக் குதறும் பெண்ணைக் கேலி செய்ய வந்த சொல் இது.

ஒரு பொண்ணு, ஒரு பல்லி, ஒரு குரங்கு, ஒரு திமிங்கலம். ஒத்தைச் சொல்லுக்குள்ள ஒரு மிருகக்காட்சி சாலையையே அடைச்சிருக்காங்க. நாலும் ஒண்ணா கத்தினாலும் எங்க பொண்ணு அன்னைக்குக் கத்தின கத்தலுக்கு ஈடாகாதுங்கிறீங்க.

ஆமா, அந்தப் பொண்ணு வீட்லேர்ந்துதான் வர்றேன். அம்மாவா? அம்மான்னே வச்சுக்குங்க. என்ன, மூஞ்சி இப்படி மாறிடுச்சு? பேர் போடலையேன்னா என்ன அர்த்தம்? கேளுங்க, இதையும் படிக்கிறேன். வெளிநாட்டில் பிறந்த இச்சொல் நம் ஊரிலும் புகுந்து குடித்தனம் நடத்துகிறது. சென்ற ஆண்டு ஓர் ஓட்டல் மண்டபத்தில், நாற்காலித் துணியின் வெள்ளை போதவில்லை என்று ஒரு மணப்பெண் ஆடிய ஆட்டத்தைக் கைபேசியில் பார்க்காதவர் யார்? இதுக்கு மேல பேர் வேற போடணுமா? நாற்காலித் துணின்னு சொன்னாலே ஊருக்கு அவ மூஞ்சிதான் வருது.

வேடிக்கைக்குத்தான் எழுதினீங்க. தெரியும் தம்பி. இந்தச் சொல்லே வேடிக்கைக்கு வந்ததுதானே. முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஏதோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில அச்சாச்சுன்னு நீங்களே போட்டிருக்கீங்க. அதை மொதல்ல எழுதினவங்களும் உங்களை மாதிரி ஒரு மேஜையில, ஒரு பிஸ்கட்டை டீயில தோய்ச்சுக்கிட்டே எழுதியிருப்பாங்க. பொறந்த வீட்டைப் பத்தி இவ்வளவு அழகா எழுதறீங்களே, அது புகுந்த வீட்டுல என்ன பாடு படுத்துதுன்னு யார் எழுதறது? உங்க பிஸ்கட் விழுந்துடுச்சு பாருங்க. ஸ்பூனால எடுங்க.

அந்தப் பொண்ணு என்ன வேலை பார்க்குறா தெரியுமா? விசாரிச்சீங்களா? கண்ணாடிக் கடையில கண்ணு பார்த்துச் சொல்றவ. இருட்டு ரூம்ல உட்கார்ந்து, இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கான்னு நாள் பூரா கேட்கிற வேலை. தூங்கற குழந்தையை எழுப்பாத குரல். காது மந்தமான வயசானவங்க வந்தா, கடை முதலாளி வேற ஆளைத்தான் அனுப்புவார், இவ பேசறது அவங்களுக்குக் கேட்காது. அந்தப் பொண்ணுதான் அன்னைக்கு அடிவயித்துலேர்ந்து கத்தினா. மண்டபமே அதிர்ந்துச்சு. நானும் பார்த்தேனே, நான் ஒண்ணும் இல்லேங்கலையே.

யாருய்யா இந்தத் துணியைக் கட்டினது, இது வெள்ளையா, காமாலைக்காரன் கண்ணு மாதிரி இருக்குன்னா. நிஜமாவே அந்தத் துணி கொஞ்சம் மஞ்சளாத்தான் இருந்துச்சு, அது வேற விஷயம். அலங்காரக்காரர் பாவம், பெரிய மனுஷர், அறுபது வயசிருக்கும். எல்லா நாற்காலி முடிச்சையும் அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னா. உட்கார்ந்திருந்தவங்களை எல்லாம் எழுந்திரிக்க வச்சுட்டு. அப்புறம் மேடைக்குப் பின்னாடி தொங்கவிட்ட படுதாவை இறக்கச் சொன்னா. இறக்கினாங்க. முன்னாடி இருந்ததே தேவலை, திரும்ப ஏத்துங்கன்னா. ஏத்தினாங்க. பூ வேணாம்னா, பூ எங்கேன்னா. மைக்குல கரகரன்னு வருதுன்னா. ஓட்டல் மேனேஜர் கையைக் கட்டிக்கிட்டு நின்னார். கல்யாணத்தைப் பதிவு பண்ண வந்த ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே தேய்ச்சுட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல இந்தக் கூத்து. மண்டபத்துல இருந்த அத்தனை போனும் தலைக்கு மேல.

ஆனா தம்பி, ஒண்ணு கேட்கிறேன். அந்த ஒரு மணி நேர வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பீங்க? எழுதறதுக்கு முன்னாடி மறுபடி பார்த்திருப்பீங்க இல்ல? அதுல மாப்பிள்ளை எங்க?

யோசிங்க. அவசரமில்லை.

கடைசியில வர்றார்ங்கிறீங்க. ஆமா, கடைசியில வர்றார். அதையும் எழுதியிருக்கீங்க, ரொம்ப உருக்கமா. இறுதியில், பொறுமையே உருவான மாப்பிள்ளை வந்து தோளில் கை வைத்ததும் அடங்கினாள். மண்டபமே கைதட்டுச்சு. நீங்களும் வீட்ல உட்கார்ந்து தட்டியிருப்பீங்க. அதுக்கு முன்னாடி எங்கே இருந்தார்? அவர் கல்யாணம் தம்பி அது. பொண்ணு மேடையில நின்னு பேயாட்டம் ஆடுறா, முழுசா ஒரு மணி நேரம். பக்கத்துல வந்து என்னம்மான்னு கேட்க வேண்டியவரைக் காணோம். மண்டபத்துல ஒருத்தராவது, எங்கய்யா மாப்பிள்ளைன்னு கேட்டாங்களா? கேட்கலையே. ஊர் பூரா பார்த்த வீடியோ, கீழ ஆயிரக்கணக்குல வசவு எழுதியிருக்காங்க, அதுல ஒரு ஆள் கேட்கலை. நீங்களும் கேட்கலை.

கேட்கக் கூடாதுன்னுதான் அவ கத்தினதே.

இப்ப உட்காருங்கன்னா உட்காருவேன். கால் வலிக்குது. லிப்ட் வேலை செய்யலை உங்க ஆபீஸ்ல. தண்ணி வேணாம். சரி, குடுங்க.

ஆபீசர் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. பொண்ணு அலங்காரம் பண்ணிக்கிற ரூம்ல நானும் அவளும்தான். பாவாடை நுனி தரையில இழுக்குதுன்னு நான் குனிஞ்சு ஊசி குத்திக்கிட்டிருந்தேன், வாயில நாலு குண்டூசி. அந்த நேரத்துல மாப்பிள்ளை உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார், சாத்தின கதவுலயே முதுகைச் சாய்ச்சு அப்படியே சரிஞ்சு தரையில உட்கார்ந்துட்டார். மூஞ்சியில ரத்தமே இல்லை. என்னால முடியாது, மூச்சு முட்டுது, இவ்வளவு பேர், எனக்கு பயமா இருக்குன்னார். வாயில குண்டூசி இருந்ததால நான் ஒண்ணும் சொல்ல முடியலை.

அவ பதறலை தம்பி. கிட்டே போய் எதிர்ல உட்கார்ந்தா. அவ்வளவு நேரம் மடிப்புக் கலையாம வச்சிருந்த துணி பூரா கசங்கிப் போச்சு. ஒண்ணே ஒண்ணு கேட்டா. என்னைப் பிடிக்கலையா, இல்ல பயம்தானா? பிடிக்கலைன்னா இப்பவே சொல்லுங்க, நானே வெளியில போய் சொல்லிடறேன். அவர் சொன்னார், சத்தியமா பயம்தான். கடையில லென்ஸை மாத்தி மாத்திப் போட்டுக் கேட்பாளே, அதே குரல்லதான் இதையும் கேட்டா.

பயம்னா போயிட்டு வாங்கன்னா. பின்னாடி சமையல்கட்டுப் படி இருக்கு, காத்தாட நில்லுங்க, மூஞ்சியைக் கழுவுங்க, வரும்போது வாங்க. அது வரைக்கும் நான் பார்த்துக்கிறேன். என்ன பார்த்துப்பேன்னு நான் கேட்டேன், குண்டூசியை எல்லாம் துப்பிட்டு. அவர் ஆபீஸ்லேர்ந்து பெரிய அதிகாரி வந்திருக்கார், அவங்க அப்பா முன்வரிசையில உட்கார்ந்திருக்கார், நேரலையில வெளிநாட்டுச் சொந்தமெல்லாம் பார்த்துக்கிட்டிருக்கு, மாப்பிள்ளையைக் காணோம்னு ஒருத்தர் தேட ஆரம்பிச்சா ஆயுசுக்கும் அவர் ஓடிப்போன மாப்பிள்ளைதான்னா. கல்யாணப் பொண்ணு கத்தினா ரெண்டு நாள் சிரிப்பாங்க, அப்புறம் மறந்துடுவாங்கன்னா. ரெண்டு நாள்! அவளுக்கு உங்க உலகம் தெரியலை.

அப்புறம் என்ன பண்ணினா தெரியுமா? செருப்பைக் கழட்டினா. கண்ணாடி முன்னாடி போய் நின்னா. யாரு இந்தத் துணியைக் கட்டினதுன்னு கண்ணாடியைப் பார்த்துச் சொன்னா. சத்தமே வரலை. தொண்டையைச் செருமிட்டு இன்னொரு தடவை சொன்னா. அது மொதல்லதை விட மோசம், கடைசியில அழுகை மாதிரி ஆயிடுச்சு. மூணாவது தடவைதான் சத்தம் வந்துச்சு. வாசல்கிட்ட போயிட்டிருந்த மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். அவ சிரிச்சா. எப்படி இருக்குன்னு கேட்டா. அப்படியே வெறுங்காலோட கதவைத் திறந்துக்கிட்டு வெளியே போனா. மீதி உங்களுக்குத் தெரியும்.

பல்லி எதுக்கு வாலை அறுத்துப் போடுதுன்னு பார்த்திருக்கீங்களா? எங்க வீட்டு அடுப்படிச் சுவத்துல நான் பார்த்திருக்கேன். விளக்குமாத்தைத் தூக்கினா போதும், வால் ஒரு பக்கம் கிடந்து துள்ளும். நாமளும் அய்யய்யோன்னு அதையே பார்த்துக்கிட்டு நிப்போம். அதுக்குள்ள பல்லி பாட்டுக்கு இடுக்குல போயிடும். நீங்க எழுதினதுல சரியானது ஒண்ணே ஒண்ணுதான், அது வெட்டின வால்னு எழுதினது. ஆனா பல்லி யாருன்னு பார்க்கலை நீங்க.

பல்லி எங்கே இருந்துச்சுன்னு சொல்றேன், கேளுங்க. அவ கத்த ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் ஆகப்போறப்ப நான் சமையல்கட்டுப் படி வழியா இறங்கித் தேடினேன். ஓட்டலுக்குப் பின்னாடி துணி வெளுக்கிற ரூம். படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் மூட்டை மூட்டையா. மெஷின் கடகடன்னு ஓடுது. ரெண்டு மூட்டைக்கு நடுவுல உட்கார்ந்திருந்தான். புள்ளை அழுதுக்கிட்டு இருக்கானோன்னு நினைச்சேன். பக்கத்துல போய் தலையைக் கோதினேன். நிமிர்ந்தான். கையில போன். நேரலை. மேல மண்டபத்துல அவ தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கா, இவன் அந்த மூட்டையில சாய்ஞ்சு அதைப் பார்த்துக்கிட்டிருக்கான். மூஞ்சியில பயமே இல்லை. சிரிக்கிறான் தம்பி. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கிறான். இவளைப் பாரேன், இவளைப் பாரேன்னு என்கிட்டயே காட்டுறான்.

என்ன? அவன்னு சொல்லிட்டேனா?

சொன்னா என்ன. மாப்பிள்ளையை அவன் இவன்னு சொல்லக் கூடாதுதான், ஆனா எனக்கு அந்த உரிமை இருக்கு. நான் அவனைப் பெத்தவ. பொண்ணோட அம்மாவா? அவங்க வெளிநாட்டுல மூத்த பொண்ணு பிரசவத்துக்குப் போய் அங்கேயே மாட்டிக்கிட்டாங்க, அவங்களும் நேரலைதான் பார்த்தாங்க. அம்மான்னே வச்சுக்குங்கன்னுதானே சொன்னேன். அன்னைக்கு அந்த ரூம்ல அவளுக்கு அம்மா இடத்துல நான்தான் இருந்தேன். ஒரே வீட்லதான் இருக்கோம். அவ வீட்லேர்ந்து வர்றேன்னு சொன்னதுல என்ன பொய்?

இப்ப கோபமா பேசறேன்னு நினைக்காதீங்க, இதுவரைக்கும் பேசினதுதான் நல்லபடியா பேசினது.

அவன் மூஞ்சியைக் கழுவினான். தலையை வாரினான். படியேறிப் போறப்ப நடையே மாறிடுச்சு. மேடைக்குப் போய் அவ தோள்ல கையை வச்சு, போதும்மா விடு, எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னான். மைக்குல எல்லாருக்கும் கேட்டுச்சு. கரகரப்பெல்லாம் ஒண்ணும் இல்லை. அவ அப்படியே அவனை நிமிர்ந்து பார்த்தா. வந்துட்டீங்களான்னு உதடு அசைஞ்சது எனக்குத் தெரிஞ்சது. நீங்க அதைத்தான் அடங்கினாள்னு எழுதினீங்க. அவ வேலை முடிஞ்சுபோச்சு தம்பி, அதான் நிறுத்தினா.

ஒரு வாரம் கழிச்சு அலங்காரக்காரர் கடைக்குப் போனா, மன்னிப்புக் கேட்க. நானும் கூடப் போனேன். அவர் வாசல்லயே நிக்க வச்சு, உன்னால எனக்கு ரெண்டு கல்யாணம் கைவிட்டுப் போச்சும்மான்னார். காரணத்தைச் சொல்லேண்டின்னு நான் அவ முழங்கையைக் கிள்ளினேன். சொல்லலை. உங்க மகன் பேர் கெட்டுடும் அத்தைன்னா. நம்ம மூணு பேரோட போகட்டும்னா. நானும் சரின்னேன். அந்த விஷயம் எந்த வீடியோவுலயும் வரலை.

ரெண்டு நாள்ல மறந்துடுவாங்கன்னாளே. யார் மறந்தாலும் அவன் மறக்கலை. போன்ல அவ பேரையே பிரைட்ஸில்லான்னுதான் பதிஞ்சு வச்சிருக்கான், பல்லி படத்தோட. அவன் ஆபீஸ் விருந்துக்குப் போனா, இதோ வந்துட்டா, நாற்காலியெல்லாம் பத்திரம்னு மொதல் ஆளா அவனே சொல்வான். எல்லாரும் சிரிப்பாங்க. அவளும் சிரிப்பா. மொதல்ல சிரிச்சா. அப்புறம் கடைக்கு வர்றவங்க கண்டுபிடிக்க ஆரம்பிச்சாங்க. அம்மா, எழுத்து தெரியலைன்னா கத்த மாட்டீங்களேன்னு ஒருத்தர். முதலாளி பார்த்தார், கண்ணாடி தேய்க்கிற பின்பக்க ரூம்ல போட்டுட்டார். படிச்ச படிப்பென்ன, பார்க்கிற வேலையென்ன.

வீட்டுக்குள்ள நடக்கிறது அதைவிட மோசம். அவ எதைக் கேட்டாலும் அதுக்கு அந்த ஒரு சொல்தான் பதில். குழாய் ஒழுகுது, ஆளைக் கூப்பிடுங்கன்னா, ஆரம்பிச்சுட்டா பாருன்னு கையைத் தூக்கிக்கிட்டு நாற்காலிக்குப் பின்னாடி ஒளிஞ்சு காட்டுவான். ராத்திரி லேட்டாகும்னா ஒரு வார்த்தை சொல்லுங்கன்னா அதுக்கும் அதே. ஃபேனைக் கொஞ்சம் குறைங்க, குளிருதுங்கிறா. குறைக்க மாட்டான், சிரிப்பான். நியாயமா ஒண்ணைக் கேட்கிறதுக்குக் கூட வழியில்லாம அந்தச் சொல்லை வச்சு வாயை அடைச்சுட்டான். அவ குரல் பழையபடி இறங்கி, இப்ப எனக்கே கேட்க மாட்டேங்குது. பக்கத்துல நின்னு என்னம்மா சொன்னேன்னு கேட்க வேண்டியிருக்கு.

புருஷன் பொண்டாட்டி விஷயம்னு சொல்ல வர்றீங்க. சொல்லாதீங்க. பத்திரிகையில போடறப்ப அது உங்களுக்குத் தோணலை.

மாப்பிள்ளைக்கும் அப்படி ஒரு சொல் இருக்கா? கிரூமுக்கும் அதே வாலை ஒட்டிச் சொல்றாங்களா? அது கத்துற மாப்பிள்ளைக்கு. நான் கேட்கிறது அழுக்குத் துணி மூட்டைக்கு நடுவுல உட்கார்ந்து சிரிக்கிறவனுக்கு. இல்லையா? தேடிப் பாருங்க. உங்ககிட்ட அவ்வளவு தடிப் புத்தகம் அடுக்கி வச்சிருக்கீங்களே.

சரி, நான் வந்த வேலைக்கு வர்றேன். மறுப்புப் போடுங்க, மன்னிப்புப் போடுங்கன்னு கேட்க வரலை. நீங்க போட்டாலும் யாரும் படிக்கப் போறதில்லை. எனக்கு ஒரே ஒரு வரியைப் பத்தித்தான் கேட்கணும். இந்த வரி. பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்கேன். கண்ணாடி முன் நின்று கத்தி ஒத்திகை பார்த்துவிட்டே அறையிலிருந்து வெளியே வந்தாளாம். எவ்வளவு திட்டம் பாருங்கள்! ஆச்சரியக்குறி வேற.

இது எந்த வீடியோவுல இருக்கு?

இல்லை. நானும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் தேடிட்டேன். கதவு சாத்தியிருந்துச்சு. அந்த ரூம்ல இருந்தது மூணே பேர். நான் யார்கிட்டயும் சொல்லலை. அவ பெத்த தாய்கிட்ட கூடச் சொல்லலை, நேத்து அந்த அம்மா போன் பண்ணி, இப்படியா பண்ணினே, கண்ணாடி முன்னாடி நின்னியான்னு கேட்டு அழுதாங்க. இவ போனைக் கையில வச்சுக்கிட்டு என்னைப் பார்த்தா. அத்தை, நீங்க சொன்னீங்களான்னு கூட கேட்கலை. அந்தப் பார்வையை என்னால தாங்க முடியலை தம்பி. நான் சொல்லியிருந்தா கூட அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்கும், அதான் அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

உங்களுக்கு யார் சொன்னா?

பத்திரிகை தர்மம், பேர் சொல்ல முடியாது. நல்லது. தர்மத்தை நீங்களே வச்சுக்குங்க. பேர் வேணாம், நான் சொல்றேன், நீங்க சும்மா கேட்டுக்கிட்டு இருங்க. ஒருவேளை அவன் யாரோ ஒரு சிநேகிதன்கிட்ட மனசுவிட்டு உண்மையைச் சொல்லியிருப்பான், எனக்காக அவ இப்படியெல்லாம் பண்ணினாடான்னு சொல்லியிருப்பான், அது நாலு வாய் மாறித் திரிஞ்சு உங்ககிட்ட வந்திருக்கும். அப்படித்தான் நான் நினைச்சுக்கிட்டு வந்தேன். பெத்தவ இல்லையா, ஒரு நப்பாசை. படியேறும்போது கூட அதையேதான் நினைச்சுக்கிட்டு ஏறினேன். அப்படித்தானா?

ஏன் போனைத் திருப்பி வைக்கிறீங்க? நான் ஒண்ணும் பிடுங்கிப் பார்க்க மாட்டேன்.

நேரா பேசினானா, எழுதி அனுப்பினானா? நேராவா. எங்கே, இங்கேயேவா? டீக்கடையில. எத்தனை பேர் இருந்தீங்க? சரி, அது வேணாம். அவன் ஏன் வெளியில போனான்னு சொன்னானா? துணி வெளுக்கிற ரூமைப் பத்தி ஒரு வார்த்தை? இல்லை. தலையை ஆட்டினா போதும், வாயால சொல்ல வேணாம். அப்ப கண்ணாடி விஷயத்தை மட்டும் தனியா எடுத்துக் குடுத்திருக்கான்.

கடைசியா ஒண்ணு. அதைச் சொல்றப்ப சிரிச்சானா?

ம்.

இல்லை, பரவாயில்லை. எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். தண்ணி போதும், இந்தாங்க டம்ளர். உங்க முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு, நீங்க வாங்கிப் போட்டீங்க, அவ்வளவுதானே. எழுதணும்னு தோணினா எழுதுங்க, நான் சொன்னேன்னே எழுதுங்க, பேரோட. இனிமே எனக்கு மூடி வைக்க ஒண்ணுமில்லை.

நான் கிளம்பறேன். அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறங்க, படியிறங்கறதுக்குள்ள அவன் இறக்கி வச்சுடுவான். அவனில்லைங்க, டிரைவர். வாசல்ல வெள்ளைக் கார் நிக்குது பாருங்க. முன்சீட்டுல உட்கார்ந்திருக்கிறதுதான் எங்க பொண்ணு, அவனை விட்டுட்டுக் கிளம்பிட்டா. நான் எதுக்கு மேல வந்தேன்னு அவளுக்குத் தெரியாது, அஞ்சு நிமிஷத்துல ஒரு வேலையை முடிச்சுட்டு வர்றேன், அதுக்கப்புறம் உன்னை வழியனுப்பறதா வேண்டாமான்னு சொல்றேன்னுட்டு வந்தேன். டிக்கியில ரெண்டு பெட்டி. டிரைவர் அப்பலேர்ந்து, அம்மா, ஒரு ஆள்தானே போறாங்க, ரெண்டாவது பெட்டியை இறக்கிடவான்னு நச்சரிச்சுக்கிட்டே இருக்கான்.

தம்பி, நீங்க நல்லா சத்தமா கூப்பிடுவீங்க இல்ல? மூணு மாடி கீழ வரைக்கும் என் குரல் எட்டாது. இறக்க வேணாம்னு அவன்கிட்ட சொல்லுங்க. அது என் பெட்டி.